இலையில் தெரிவதும் வேரில் நிகழ்வதும்

ஓசூரை ஒட்டிய கெலவரப்பள்ளி, தமிழகத்தின் கர்நாடக எல்லையோரம், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரமுள்ள மேட்டுநிலத்தில் அமைந்த ஊராகும். கடும் வெயிலும் கடுங்குளிரும் இல்லாத இந்தத் தட்பவெப்பமே ஓசூர் வட்டாரத்தை ரோஜாச் சாகுபடிக்குப் பெயர்பெறச் செய்தது. இங்குள்ள பசுமைக்குடில்களில் விளையும் கொய்மலர்கள் ஒவ்வோராண்டும் பிப்ரவரி மாதக் காதலர் தினச் சந்தைக்காக வெளிநாடுகளுக்குச் செல்கின்றன. அதே வட்டாரத்தில் சிப்காட் தொழிற்பேட்டைகளை நம்பி எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பால்கனிகளிலும் வரவேற்பறைகளிலும் சோற்றுக்கற்றாழை, பாம்புச்செடி, மணிபிளான்ட் போன்ற தொட்டிச்செடிகள் இடம்பிடித்திருக்கின்றன. பசுமைக்குடிலில் சொட்டுநீர்க் குழாய் வழியே அளந்து விடப்படும் நீர், வீட்டில் அன்பின் அளவுக்கேற்பக் குவளையால் ஊற்றப்படுகிறது. வீட்டுச்செடிகளின் இலைகள் கொழகொழத்து அழுகுவதில் பெரும்பகுதி இந்த வேறுபாட்டிலிருந்தே தொடங்குகிறது.

இலை கெடும்போது பெரும்பாலோர் முதலில் ஐயுறுவது நீரின் தரத்தைத்தான். கெலவரப்பள்ளியைப் பொறுத்தவரை இந்த ஐயத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. நந்தி மலைப்பகுதியில் தோன்றி, பெங்களூருவின் கழிவுநீரையும் வாங்கிக்கொண்டு வரும் தென்பெண்ணை, 44.28 அடி உயரமுள்ள கெலவரப்பள்ளி அணையின் மதகுகளைக் கடக்கும்போது வெண்ணுரை பொங்கச் செல்வது பலமுறை செய்தியாகியிருக்கிறது. சலவைத்தூளிலும் சோப்பிலும் உள்ள நுரைப்பொருள்கள் நீரில் கலந்திருக்க, மதகிலிருந்து விழும் வேகத்தில் காற்றும் சேர்வதால் நுரை எழுகிறது. நுரை கண்ணில் படும் இடம் அணையாக இருந்தாலும் அதன் காரணம் பல கிலோமீட்டர் மேலே, நகரத்தின் சாக்கடைகளிலும் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளிலும் இருக்கிறது. அறிகுறி தோன்றும் இடமும் காரணம் இருக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்னும் இந்த உண்மை, தொட்டிச்செடிக்கும் அப்படியே பொருந்துகிறது.

நீரின் தரத்தால் வரும் கேடும் நீரின் அளவால் வரும் கேடும் இலையில் வெவ்வேறு வகையில் வெளிப்படுகின்றன. உப்பு மிகுந்த நீரை ஊற்றினால் இலையின் நுனியும் ஓரமும் பழுப்பேறி, காய்ந்து, தொட்டால் நொறுங்கும். கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதாலேயே, மக்களை அதன் பாதிப்பிலிருந்து காக்க ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது; அந்த ஃபுளோரைடு டிரசீனா, குளோரோபைட்டம் போன்ற செடிகளின் இலைநுனிகளையும் கருக்கவல்லது. ஆனால் இவை யாவும் உலர்ந்த கேடுகள். இலை உலராமல் மென்மையாகி, நீர்க்கோத்து, ஒளி ஊடுருவும்படி மாறினால், குழாயில் என்ன நீர் வருகிறது என்பதைவிடத் தொட்டிக்குள் எவ்வளவு நீர் தங்கியிருக்கிறது என்பதையே ஆராய வேண்டும்.

இலை கொழகொழப்பதன் உள்நிகழ்வு எளிதில் விளங்கக்கூடியதே. தாவரச் செல்கள் ஒன்றோடொன்று பெக்டின் என்னும் பசைப்பொருளால் ஒட்டப்பட்டுள்ளன. செல்களுக்கு இடையே மெல்லிய காற்றறைகளும் உண்டு. செல்களின் உறை சிதையும்போது உள்ளிருக்கும் சாறு அந்தக் காற்றறைகளை நிரப்பிவிடுவதால் இலை கண்ணாடிபோலத் தோன்றுகிறது. பெக்டோபாக்டீரியம் வகையைச் சேர்ந்த பாக்டீரியாக்கள் காயத்தின் வழியே நுழைந்தால், அவை சுரக்கும் நொதிகள் பெக்டினையே கரைத்துவிடுகின்றன. அப்போது திசு ஒரே கூழாகி, நாற்றமடிக்கத் தொடங்குகிறது. மென்னழுகல் எனப்படும் இந்த நோயை அடையாளம் காணக் கண்ணைவிட மூக்கே பெரிதும் உதவுகிறது.

எனினும் பெரும்பாலான தொட்டிகளில் கேடு தொடங்கும் இடம் வேர்தான். வேரும் மூச்சு விடும் உறுப்பு. மண்துகள்களின் இடைவெளியிலுள்ள காற்றிலிருந்து அது ஆக்சிஜனைப் பெறுகிறது. அந்த இடைவெளிகளை நீர் நிரப்பிவிட்டால் ஆக்சிஜனின் வரத்து ஏறத்தாழ நின்றுபோகிறது. ஏனெனில் காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே பரவுகிறது. மூச்சடைத்த வேர் நீரை உறிஞ்சும் ஆற்றலை இழப்பதால், ஈரமண்ணில் நின்றபடியே செடி வாடத் தொடங்குகிறது. வாட்டத்தைக் கண்டவர் தாகம் என்று கருதி மேலும் நீர் ஊற்றுகிறார். பரிவே நோயைப் பெருக்கும் கட்டம் இதுதான்.

வலுவிழந்த வேரைத் தாக்கப் பிதியம், பைட்டோப்தோரா போன்ற நுண்ணுயிர்கள் காத்திருக்கின்றன. இவை பூஞ்சைபோலத் தோன்றினாலும் உண்மையான பூஞ்சைகள் அல்ல. பாசிகளோடு உறவுடைய ஊமைசீட் என்னும் தனிக் கூட்டத்தைச் சேர்ந்தவை. 1845-ல் தொடங்கிய அயர்லாந்துப் பஞ்சத்துக்குக் காரணமான உருளைக்கிழங்கு நோயும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்த உயிரியால் வந்ததே. இவற்றின் வித்துகள் நீரில் நீந்திச் செல்பவையாதலால், பல தொட்டிகளை ஒரே தட்டில் தேங்கிய நீரில் நிறுத்துவது நோய்க்குப் பாதை அமைத்துக் கொடுப்பதாகும். பூஞ்சைகளுக்கெனக் கடைகளில் விற்கப்படும் கார்பன்டாசிம் இந்த ஊமைசீட்டுகளிடம் பலிப்பதில்லை என்பதையும் அறிந்திருக்க வேண்டும். காரணம் அறியாமல் தெளிக்கும் மருந்து பணத்தையும் நாளையும் மட்டுமே கரைக்கிறது.

ஆகவே நோயறிதல் தொட்டியைக் கவிழ்ப்பதிலிருந்தே தொடங்க வேண்டும். செடியை மண்கட்டியோடு வெளியே எடுத்துப் பார்க்கையில் வேர்கள் வெண்மையாகவும் விறைப்பாகவும் இருந்தால் செடி பிழைக்கும். பழுப்பாகி, வழவழத்து, இரு விரல்களுக்கிடையே இழுத்தால் மேல்தோல் உறைபோல உருவி வந்து, உள்ளே நூல்போன்ற நடுநரம்பு மட்டும் எஞ்சினால், அது வேரழுகல் என்று உறுதியாகச் சொல்லலாம். அழுகிய பகுதி முழுவதையும், நல்ல திசு தெரியும் வரை, கூரிய கத்தியால் வெட்டி நீக்க வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் கத்தியை ஸ்பிரிட் கொண்டு துடைக்காவிட்டால், வெட்டும் கருவியே நோயைப் பரப்பும். சதைப்பற்றுள்ள செடிகளை வெட்டுவாய் காயும்படி சில நாள் நிழலில் வைத்திருந்து, பிறகு புதிய கலவையில் நட்டு, உடனே நீர் ஊற்றாமல் விட வேண்டும். நாற்றமடிக்கும் மென்னழுகல் அடித்தண்டுக்குள் ஏறிவிட்டிருந்தால் செடியை உரக்குழியிலும் இடாமல் அப்புறப்படுத்துவதே நல்லது.

வேர் முழுவதும் போன பின்னும் சிலவற்றைக் காப்பாற்ற வழியுண்டு. பாம்புச்செடியின் நல்ல இலைத்துண்டை, கீழ்ப்புறம் கீழாகவே இருக்கும்படி நட்டால் வேர்பிடிக்கும். ஆயினும் மஞ்சள் ஓரமுள்ள வகையிலிருந்து இப்படி எழும் புதுச்செடிக்கு அந்த மஞ்சள் ஓரம் வருவதில்லை. மணிபிளான்ட் கணுவுள்ள தண்டிலிருந்து எளிதில் தழைக்கும். சோற்றுக்கற்றாழையின் தனி இலையோ வேர்விடுவதற்கு முன்பே பெரும்பாலும் அழுகிவிடுமாதலால், அதன் பக்கக்கன்றைத் தேடுவதே பயன்தரும்.

மறுநடவில் இரண்டு நம்பிக்கைகளைக் கைவிட வேண்டியிருக்கிறது. தொட்டியின் அடியில் ஓட்டுச்சில்லோ கூழாங்கல்லோ பரப்பினால் நீர் நன்கு வடியும் என்பது முதலாவது. நுண்துளைகளால் நீரைப் பிடித்துவைத்திருக்கும் மண், அந்தப் பிடிப்பு நிறையும் வரை கீழுள்ள பெரிய இடைவெளிகளுக்குள் நீரை இறக்குவதில்லை. எனவே கல்லடுக்கு, எப்போதும் ஈரமாயிருக்கும் மண்ணடுக்கை வேர்களுக்கு அருகே மேலே உயர்த்திவிடுகிறது. கல்லையும் மணலையும் அடியில் இடுவதைவிடக் கலவை முழுவதிலும் சேர்ப்பதே முறை. தொட்டி பெரிதாக இருந்தால் செடி நன்கு வளரும் என்பது இரண்டாவது. வேர் எட்டாத மண்ணில் நீர் உறிஞ்சப்படாமல் கிடந்து அழுகலையே வளர்க்கும். நாற்றுப்பண்ணைகளில் தேங்காய் நார்க்கழிவில் வளர்ந்த செடிகள் தனிக் கவனத்துக்குரியவை: நார்க்கழிவு தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைப் பிடித்துவைக்கும், மேற்பரப்பு வெளிறிக் காய்ந்து தோன்றும்போதும் அடிப்பகுதி நனைந்தே இருக்கும். நிழல்வலையும் காற்றோட்டமும் உள்ள பண்ணையில் பொருந்திய அந்த ஊடகம், மூடிய அறையில் பொருந்துவதில்லை.

இடமும் பருவமும் அளவை மாற்றுகின்றன. சென்னை வெயிலில் வாரம் இருமுறை கேட்கும் செடி, ஓசூரின் மார்கழி இரவுகளில் பல வாரங்கள் நீரின்றியும் இருக்கும். மழைமாதங்களில் காற்றின் ஈரம் மிகும்போது ஆவியாதல் இன்னும் குறைகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் டிரைக்கோடெர்மா விரிடி, சூடோமோனாஸ் புளோரசன்ஸ் ஆகிய உயிரியல் காரணிகளை மறுநடவின்போது மண்ணில் கலப்பது வேரைக் காக்க உதவும். ஆனால் அவை வரும்முன் காப்பவை, தேங்கிய நீரை வடிப்பதற்கு மாற்றாகா.

பெரும்பாலான வீட்டுச்செடிகள் வறட்சியைத் தாங்கி மீள்கின்றன. மூழ்கிய வேர் அவ்வளவு எளிதில் மீள்வதில்லை. ஆகவே நாள்காட்டியைப் பார்த்து நீர் ஊற்றுவதை விட்டு, விரலை இரண்டு அங்குல ஆழம் மண்ணுக்குள் நுழைத்துப் பார்த்தும், தொட்டியைத் தூக்கி எடையறிந்தும் ஊற்றுங்கள். ஐயமிருந்தால் அன்று ஊற்றாதீர்கள்.