மூன்று மாதம் காத்திருக்கும் ஜாடி!

ஆட்டுக்கறி மசாலா, சோறு, சிலாவோஸ் மலைப்பகுதியில் விளைந்த பருப்பு, தொட்டுக்கொள்ள சுருக்கென்று காரமாக ஒரு தக்காளிப் பச்சடி. சாப்பாடு முடிந்து தட்டுகளையும் எடுத்தாயிற்று. ஆனாலும் விருந்தாளிகள் யாரும் எழுந்திருப்பதில்லை. அலமாரியிலிருந்து பெரிய கண்ணாடி ஜாடி ஒன்று மேஜைக்கு வருகிறது. உள்ளே பொன்னிறத்தில் அன்னாசித் துண்டுகள், நடுவே கறுப்பாக நீண்ட வெனிலா காய். மூடியைத் திறந்ததும் வீடு முழுக்க மணக்கிறது. ஆளுக்கு ஒரு சின்னக் கிளாஸ். அவ்வளவுதான்.

ரீயூனியன் தீவில் பல வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை விருந்து இப்படித்தான் முடியும். ஜாடியில் இருப்பதற்குப் பெயர் 'ரம் அராஞ்ஜே'. 'அராஞ்ஜே' என்றால் பிரெஞ்சில் 'சீர்செய்தது' என்று பொருள். தொண்டையை எரிக்கும் ரம்மைப் பழமும் வாசனைப் பொருளும் போட்டு ஊறவைத்து, சாதுவாக்கி எடுப்பதால் அந்தப் பெயர்.

கரும்பும் கப்பலும்

மடகாஸ்கருக்குக் கிழக்கே, இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது ரீயூனியன். 2,512 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள எரிமலைத் தீவு. 1946 முதல் பிரான்ஸின் ஒரு மாவட்டம். கடற்கரையை ஒட்டிய சரிவுகளில் எங்கு பார்த்தாலும் கரும்பு. ஜூலையில் வெட்டு தொடங்கினால் டிசம்பர் வரை லாரிகள் ஓயாது. சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகுதான் ரம் ஆகிறது.

இந்தக் கரும்பை முதலில் வெட்டியவர்கள் அடிமைகள். 1848 டிசம்பர் 20 அன்று இங்கே அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே! புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் வந்தன. 1860-ல் பிரிட்டனும் பிரான்ஸும் உடன்பாடு செய்துகொண்ட பிறகு சென்னையிலிருந்தும் வந்தன. 1882-ல் பிரிட்டிஷ் அரசு நிறுத்தும்வரை இது தொடர்ந்தது. மொத்தத்தில் வந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். பெரும்பாலோர் தமிழர்கள். கரையிறங்கியவர்களை நோய்க்குப் பயந்து அடைத்துவைத்த 'கிராந்த் ஷலூப்' கட்டடங்கள் இன்றும் கடலோரத்தில் நிற்கின்றன.

அவர்களின் வாரிசுகளை இங்கே 'மல்பார்' என்கிறார்கள். பெயர் பிரெஞ்சில் தொடங்கி 'ராமசாமி' என்று முடியும். தமிழ் பேசத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. ஆனால் அடுப்படி மறக்கவில்லை. கறிவேப்பிலை இங்கே 'கலுபிலே'. கொத்தமல்லி, 'கொத்தோமிலி'. மேலே சொன்ன ஆட்டுக்கறிக்குப் பெயரே 'மசாலே'. சேந்த் ஆந்த்ரே ஊரில் தீபாவளிக்குத் தெருவே திரண்டுவிடும்.

பன்னிரண்டு வயதுப் பையனின் விரல்கள்

ஜாடியில் மிதக்கும் வெனிலாவுக்கும் ஒரு கதை உண்டு. மெக்சிகோவிலிருந்து வந்த இந்தக் கொடி, இங்கே நன்றாகப் படர்ந்தது; பூவும் பூத்தது. ஆனால் காய் பிடிக்கவில்லை. சொந்த மண்ணில் மகரந்தச் சேர்க்கை செய்யும் பூச்சி இங்கே இல்லை. பூவோ ஒரே நாளில் வாடிவிடும்.

1841-ல் சேந்த் சுசான் ஊரில், எட்மோன் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் வழி கண்டுபிடித்தான். பூவுக்குள் தடுப்பாக இருக்கும் மெல்லிய சவ்வை ஒரு குச்சியால் தூக்கிவிட்டு, கட்டைவிரலால் மகரந்தத்தை அழுத்தினான். காய் பிடித்தது! உலகின் வெனிலா தோட்டங்களில் இன்றும் அதே முறைதான். அடிமைமுறை ஒழிந்தபின் அவருக்கு 'ஆல்பியுஸ்' என்ற குடும்பப் பெயர் கிடைத்தது. பணம் கிடைக்கவில்லை. 1880-ல் வறுமையிலேயே இறந்துபோனார்.

வீட்டில் எப்படிச் செய்கிறார்கள்?

அன்னாசி - வெனிலா ஜாடிதான் பலரும் முதலில் போட்டுப் பார்ப்பது. ஒரு லிட்டர் வெள்ளை ரம். தீவில் பெரும்பாலும் 49 சதவிகித ஆல்கஹால் உள்ள 'ஷரெத்'. பிரெஞ்சில் அதற்கு 'மாட்டுவண்டி' என்று அர்த்தம். இவ்வளவு காட்டம் ஏன்? பழத்தில் இருக்கும் தண்ணீர் இறங்கி ரம்மை நீர்க்கவைக்கும். ஆல்கஹால் குறைந்தால் வாசனை சரியாக இறங்காது, பழமும் கெட்டுப்போகும்.

'விக்டோரியா' என்ற கைக்கடக்கமான அன்னாசி ஒன்றோ இரண்டோ. நன்றாகப் பழுத்ததாக இருக்க வேண்டும். தோலையும் கண்களையும் நீக்கி, துண்டு போட்டு, தண்ணீர் வடியவிடுகிறார்கள். இரண்டு வெனிலா காய்களை நீளவாக்கில் கீறி, சுமார் 100 கிராம் நாட்டுச் சர்க்கரையோடு ஜாடியில் சேர்க்கிறார்கள். பழம் முழுவதும் மூழ்கும்படி ரம் ஊற்றி, இறுக்கி மூடி, வெயில் படாத அலமாரியில் வைத்துவிட வேண்டியதுதான். வெளியே தலைநீட்டும் துண்டு முதலில் நிறம் மாறும். அதனால் அவ்வப்போது ஜாடியை மெல்லக் குலுக்கிவிடுகிறார்கள்.

பிறகு? ஒன்றும் செய்யக் கூடாது. அதுதான் கஷ்டம்! குறைந்தது மூன்று மாதம். ஆறு மாதம் விட்டால் இன்னும் நல்லது. மூடியில் ஒட்டிய சீட்டில் தேதி எழுதிவைப்பார்கள்.

டிசம்பரில் லிச்சி, குளிர்காலத்தில் சிவப்புக் குட்டிக் கொய்யா என்று பருவத்துக்கேற்ப ஜாடி மாறும். ஆரஞ்சுத் தோல் போடுபவர்கள் உள்பக்க வெள்ளையைச் சுரண்டிவிடுகிறார்கள், இல்லாவிட்டால் கசக்கும். 'ஃபஹாம்' என்ற காட்டு ஆர்க்கிட் இலைக்குத்தான் மவுசு அதிகம். பறித்துப் பறித்தே காட்டில் அது அருகிவிட்டது.

அதே ரம், இன்னொரு முகம்

இந்தத் தீவில் ரம் மலிவு. அதன் விலையைக் கொடுப்பதும் தீவுதான். மதுவால் நேரும் மரணங்கள் பிரான்ஸின் சராசரியைவிட இங்கே அதிகம். தாய் கர்ப்பக் காலத்தில் குடித்ததால் பாதிப்போடு பிறக்கும் குழந்தைகளும் இங்கே பெரும் கவலை. கடை வாசலிலேயே பாட்டிலைத் திறந்து அப்படியே குடிப்பவரை ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவர் வீட்டில் என்ன நடக்கிறது என்பதும் தெரியும்.

அந்த பாட்டிலில் இருப்பதும் இந்த ஜாடியில் இருப்பதும் ஒரே ரம்தான். ஜாடிக்குச் சில வழக்கங்கள் உண்டு: தனியாகத் திறப்பதில்லை, வெறும் வயிற்றில் தொடுவதில்லை, சின்னக் கிளாஸைத் தாண்டுவதில்லை. பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதே அன்னாசியில் பிழிந்த சாறு வருகிறது.

விருந்தாளிகள் கிளம்பியதும் ஜாடியில் குறைந்த அளவுக்குப் புது ரம்மை ஊற்றுகிறார்கள். பழைய சீட்டைக் கிழித்துவிட்டு, அன்றைய தேதியை எழுதி ஒட்டுகிறார்கள். ஜாடி மறுபடி அலமாரிக்குப் போகிறது. இனி மூன்று மாதத்துக்கு அதன் பக்கம் யாரும் போகமாட்டார்கள்.