தனிக் கிண்ணம்

வகுப்பறையில் 'யவனர்' என்ற சொல் வரும்போதெல்லாம், முதலில் கிரேக்கரையும் பின்னர் மேற்கிலிருந்து வந்த பிறரையும் குறித்த சொல் என்று கூறிவிட்டு அடுத்த அடிக்கு நகர்ந்துவிடுவது எங்கள் வழக்கம். கணவனும் மனைவியுமாகப் பல ஆண்டுகள் தமிழ் கற்பித்துவரும் எங்களுக்கு யவனர் ஓர் அடிக்குறிப்பு மட்டுமே. 2023 ஆகஸ்டில் கிரீட் தீவின் மலைக்கிராமம் ஒன்றில் ஒரு வாரம் தங்கித் திரும்பியபின் அந்த அடிக்குறிப்பை அத்தனை எளிதாகக் கடந்துசெல்ல முடியவில்லை.

அழைத்தவர் பழைய நண்பர். அழகன்குளம் அகழாய்வில் கிடைத்த ரோமானிய மதுச்சாடித் துண்டுகளைப் பற்றிப் படிப்பதற்காக 2006இல் மதுரைக்கு வந்து, ஆறு மாதம் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவர். இன்று ஹெராக்லியோன் நகரில் ஆசிரியராக இருக்கிறார். அவருடைய தாயார் சிலோரீதிஸ் மலையடிவாரத்தில், ஆலிவ் மரங்கள் சூழ்ந்த கல்வீட்டில் தனியே வாழ்கிறார். 2,456 மீட்டர் உயரமுள்ள அந்த மலைதான் தீவிலேயே உயர்ந்தது.

வாசலில் நின்ற மூதாட்டி "கலோஸ் ஈர்த்தாத்தே" என்றார். நல்வரவு என்று பொருள். வந்தவர் வாளாவிருக்கலாகாது, அதற்கு ஒரு விடை உண்டு என்றார் நண்பர்: "கலோஸ் ஸஸ் வ்ரீகாமே." நல்லபடியாக உங்களைக் கண்டோம் என்பது அதன் பொருள். நாங்கள் தட்டுத்தடுமாறிச் சொன்னதைக் கேட்டு மூதாட்டி கைகொட்டிச் சிரித்தார்.

புலால் உண்ணாத எங்களுக்கு அங்கே என்ன கிடைக்கும் என்ற கவலை இருந்தது. நல்வாய்ப்பாக அது நோன்புக் காலம். ஆகஸ்ட் 15 அன்று வரும் மரியன்னையின் பெருநாளுக்கு முந்திய பதினான்கு நாட்களும் இறைச்சி, முட்டை, பால், பாலாடைக்கட்டி யாவும் விலக்கு. வேகவைத்த காட்டுக்கீரையில் ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும், தக்காளியில் வதக்கிய வெண்டைக்காய், நீர் தெளித்து நனைத்த வாற்கோதுமை ரொட்டியின்மேல் துருவிய தக்காளி என ஒவ்வொரு வேளையும் ஒவ்வொன்று. ஒருநாள் மட்டும் ரோஸ்மேரியும் வினிகரும் மணக்க ஒரு வாணலி வந்தது. திறந்து பார்த்தால் நத்தைகள்! இரத்தமில்லாத உயிராதலால் நோன்புக்கு ஏற்றது என்று மூதாட்டி விளக்கினார். மறுப்பதற்குள் எங்களுக்கு வியர்த்துவிட்டது.

அவ்வூரில் கீரையும் காய்க்கலவையும் மேசை நடுவே ஒரே தட்டில் இருக்கும். எல்லோருடைய முள்கரண்டிகளும் அதற்குள் சென்று வரும். அடியில் தேங்கும் எண்ணெயை ரொட்டியால் துடைத்து உண்பதற்குச் செல்லப் போட்டியே நடக்கும். எங்களுக்கு மட்டும் முதல் வேளையிலிருந்தே தனித்தனிக் கிண்ணங்கள் வந்தன. எச்சில் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அது உள்ளூர ஆறுதலாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் நாள் இரவு அதன் காரணத்தை நண்பரே சொன்னார். "மதுரையில் அம்மா எனக்கென்று ஒரு தம்ளர் ஒதுக்கியிருந்தார்களே! வேறு யாரும் அதில் குடிக்கமாட்டார்கள். விருந்தினரை உங்கள் ஊரில் இப்படித்தான் கௌரவிப்பார்கள் என்று அன்றே என் தாய்க்கு எழுதினேன். அதை இத்தனை ஆண்டுகள் நினைவில் வைத்திருக்கிறார்."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அந்தத் தம்ளர் எங்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. கொல்லைப்புறச் சன்னல் திண்டில் கவிழ்த்து வைத்திருக்கும். மற்றப் பாத்திரங்களோடு சேராமல் தனியே கழுவப்படும். அது கௌரவம் அன்று, தீட்டு. அம்மா அவருக்குப் பரிவோடுதான் பரிமாறினார். அவருக்குக் காய்ச்சல் கண்டபோது இரவெல்லாம் விழித்திருந்தார். ஆயினும் தம்ளர் சன்னலிலேயே இருந்தது. விருந்தோம்பல் அதிகாரத்தை வகுப்பில் நடத்திவிட்டு வீட்டுக்கு வந்த நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு வாய்திறவாமல் இருந்தோம். அம்மா இன்று இல்லை. அன்றைய எங்கள் மௌனத்துக்கு அவரைக் காரணம் காட்டவும் முடியாது.

கிரேக்கத்தில் 'க்ஸெனோஸ்' என்ற சொல் அந்நியனையும் விருந்தினனையும் ஒருங்கே குறிப்பது. நம் 'விருந்து' என்ற சொல்லும் தொல்காப்பியத்தில் புதுமை என்னும் பொருளில் வருகிறது. இரு மொழிகளும் புதியவனை வாசலுக்குள் அழைக்கும் சொற்களை வைத்திருக்கின்றன. உள்ளே வந்தபின் எந்தப் பாத்திரத்தில் தருவது என்பதை மொழி தீர்மானிப்பதில்லை.

மறுநாள் நண்பகல் கிண்ணங்களை நாங்களே எடுத்து அடுக்களையில் வைத்துவிட்டு வந்து, நடுத்தட்டில் முள்கரண்டியை இட்டோம். முதல் கவளம் எளிதில் இறங்கவில்லை. மூதாட்டி ஒன்றும் கேட்காமல் தட்டை எங்கள் பக்கம் சற்றே நகர்த்தினார். கடைசியில் எண்ணெய் துடைக்கும் ரொட்டித் துண்டையும் எங்களிடமே நீட்டினார்.

தம்ளரின் உண்மையை நண்பரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால், ஒரு தாய் பதினேழு ஆண்டுகள் போற்றி வைத்திருந்த மரியாதை உடைந்துபோகும். சொல்லாவிட்டால் நாங்கள் அவ்வீட்டில் உண்டது முழுவதும் கடனாகவே நிற்கும். அடுத்த குளிர்காலத்தில் அவர் மதுரைக்கு வருகிறார். வாசலில் நாங்கள் சொல்லும் நல்வரவுக்கு அவரிடம் விடை உண்டு. அதன்பின் நாங்கள் சொல்லவேண்டியதைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.