ஆயக்குடியில் பத்து நாள்

பழனிக்கு எத்தனை தடவை போயிருக்கிறீர்கள்? சிலர் ஐந்து தடவை என்பீர்கள், சிலர் பத்து என்பீர்கள். வருஷா வருஷம் காவடி எடுக்கிறவர்களும் உங்களில் இருப்பீர்கள். திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் போகும்போது, பழனிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் முன்னால் கண்டக்டர் "ஆயக்குடி! ஆயக்குடி!" என்று குரல் கொடுப்பாரே, அப்போது என்ன செய்திருப்பீர்கள்? தூங்குகிற குழந்தையை எழுப்பிவிட்டு, ஸீட்டுக்கு அடியில் செருப்பைத் தேடியிருப்பீர்கள். நானும் இத்தனை வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். சென்ற மே மாதம்தான் முதல் தடவையாக அந்த ஊரில் காலை வைத்தேன்.

அதற்குக் காரணம் எங்கள் அடுத்த வீட்டுப் பெண். கிறிஸ்தவக் குடும்பம். என்னை 'அத்தை' என்று கூப்பிட்டுக்கொண்டே வளர்ந்தவள். கல்லூரியில் இரண்டாம் வருஷம் முடித்துவிட்டு, கோடை விடுமுறையில் தன் சபை மாணவர்களோடு ஊழியத்துக்குக் கிளம்பிவிட்டாள். கிராமத்துக் குழந்தைகளுக்குப் பத்து நாள் பாட்டும் கதையும் கைவேலையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். விடுமுறை வேதாகமப் பள்ளி என்று பெயர், 'வி.பி.எஸ்.' என்றால்தான் எல்லோருக்கும் புரியும். நம் ஊர்க் கிறிஸ்தவ வீடுகளில் மே மாதம் என்றால் மாம்பழத்துக்கு அடுத்தபடி இதுதான் ஞாபகம் வரும். இதற்கும் ஒரு வேடிக்கையான சரித்திரம் உண்டு. நியூயார்க்கின் நெரிசலான கிழக்குப் பகுதியில் தெருவில் அலைந்த குழந்தைகளுக்காக 1898-ல் ஓர் அம்மாள் இப்படிக் கோடை வகுப்பு நடத்தினாராம். அதற்கு அவர் வாடகைக்குப் பிடித்த இடம், பீர் விற்கும் கூடம்!

"ஃபேன் இல்லாமல் தூங்கமாட்டாளே, நீங்கள்தான் பழனிக்குப் போகிறீர்களே, வழியில் இறங்கி எட்டிப் பார்த்துவிட்டு வாருங்களேன்" என்று அவள் அம்மா ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாயை என் பையில் திணித்துவிட்டாள். மறுக்க முடியுமா?

ஆயக்குடி ஒன்றல்ல, இரண்டு. பழைய ஆயக்குடி, புது ஆயக்குடி. ஒரு காலத்தில் பாளையக்காரர் ஊர், பிறகு ஜமீன். இன்றைக்கு அதன் பெயரைச் சொன்னால் ஞாபகம் வருவது கொய்யாப்பழம். பழனி பஸ் நிலையத்தில் மிளகாய்ப் பொடி தூவிக் காகிதத்தில் வைத்துத் தருகிறார்களே, அந்தக் கொய்யா பெரும்பாலும் இந்தத் தோட்டங்களில் விளைந்ததுதான். தெற்கே பார்த்தால் கொடைக்கானல் மலை நீல மதில்போல் நிற்கிறது. அதன் அடிவாரத்தில் வரதமாநதி அணை. மேற்கே பழனி மலை. மே மாத வெயில் மட்டும் இந்த அழகையெல்லாம் லட்சியம் செய்வதில்லை; பதினொரு மணிக்கே தரை காலைச் சுட்டது.

சிறிய ஆலயம், அதன் பக்கத்தில் ஒரு வேப்பமரம், மரத்தடியில் பாய் விரித்து நாற்பது குழந்தைகள். இந்த ஊருக்கு மரத்தடிப் படிப்பு ஒன்றும் புதிதல்ல. சர்க்கார் வேலைத் தேர்வுகளுக்கு மரத்தடியில் இலவசமாகச் சொல்லிக்கொடுத்துப் பெயர் வாங்கிய ஊர் இது; வெளி மாவட்டத்து இளைஞர்களெல்லாம் இங்கே வந்து படித்து உத்தியோகம் பெற்றிருக்கிறார்கள். நம் பெண் வெயிலில் கறுத்து, தொண்டை கட்டிப்போய், கையை ஆட்டி ஆட்டிப் பாடிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஓடி வந்தாள். ஊறுகாயைக் கண்டதும் கண்ணில் ஜலம் வந்துவிட்டது. ஊறுகாய்க்கு இவ்வளவா என்று பார்த்தேன். விஷயம் வேறு.

மத்தியானம் திண்ணையில் உட்கார்ந்து சொன்னாள். முதல் மூன்று நாள் நன்றாக நடந்ததாம். நான்காம் நாள் ஒரு சின்ன நாடகம். ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்கு ஆட்டுக்குட்டி வேஷம். முகத்துக்கு வெள்ளைச் சாயம் பூச வேண்டும் என்று, இவள் ஈரத் துணியால் குழந்தையின் நெற்றியைத் துடைத்தாள். நெற்றியில் திருநீறு இருந்தது.

"நான் எதையுமே நினைக்கலை அத்தை. பவுடர் மாதிரி துடைச்சுட்டேன்."

மறுநாள் நாற்பது குழந்தைகளில் வந்தது ஆறு பேர்.

குழுவில் ஆளுக்கு ஓர் அபிப்பிராயம். "நாம் வேண்டுமென்று செய்யவில்லையே, ஏன் பயப்பட வேண்டும்?" என்றார்கள் சிலர். "மூட்டையைக் கட்டுவோம்" என்றார்கள் வேறு சிலர். இவள் யாரிடமும் சொல்லாமல் அந்தக் குழந்தையின் வீட்டுக்குத் தனியாகப் போய்விட்டாள். வாசலில் பாட்டி முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தாள். இவள் ஒப்பித்துக்கொண்டு போன மன்னிப்பெல்லாம் மறந்துபோயிற்று, அழுகைதான் வந்தது.

பாட்டி முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "சோறு தின்னியா அம்மணி?" என்றாளாம்.

சோறு போட்ட பிறகுதான் பேச்சு. "நீ உன் சாமி கதையைச் சொல்லு, புள்ளைக கேக்கட்டும். நல்லதுதானே சொல்றே? நானுந்தான் கேட்டுட்டிருந்தேன், சுவத்துக்கு அந்தப் பக்கம். ஆனா நெத்தியத் தொடாதே. அது நானு காலையில வெச்சு உடறது."

வாசகர்களே, நான் பழனிக்கு விரதம் இருந்து போகிறவள். இந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. துடைத்தது இவள்தான், இல்லையென்று சொல்லவில்லை. போய் நின்றதும் இவள்தானே?

"நான் இங்கே வந்தது சரியா அத்தை?" என்று கேட்டாள். பத்தொன்பது வயதுப் பெண் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டம். எதிரே தெரிந்த கொடைக்கானல் மலையைப் பார்த்ததும் ஐடா ஸ்கடர் நினைவு வந்தது. 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். மிஷனரிக் குடும்பம்; ஆனால் தான் மட்டும் மிஷனரியாக மாட்டேன் என்று தீர்மானமாக இருந்த பெண். நோயுற்ற தாயைப் பார்க்கத் திண்டிவனத்துக்கு வந்திருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள் வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றொருவர் வேறு ஹிந்துக் குலத்தவர். மூன்று வீட்டிலும் மனைவிக்குப் பிரசவ வேதனை. "டாக்டரான என் அப்பா வருவார்" என்றாள் ஐடா. ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அமெரிக்காவுக்குப் போய் 1899-ல் டாக்டராகி, வேலூரில் 1918-ல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளியே தொடங்கினார். 89 வயதில், 1960 மே மாதம், இதோ இந்தக் கொடைக்கானல் மலையில்தான் கண்ணை மூடினார்.

"அவர் அந்த மூன்று வீட்டாரோடும் தர்க்கம் செய்யவில்லை, அந்த வீடுகளுக்குள் போகக்கூடிய டாக்டராக வந்தார்" என்றேன். நான் சொன்னது பதில்தானா என்று எனக்கே நிச்சயமில்லை.

அவளுக்கு இது முழுதும் புதிதல்ல. ஞாயிற்றுக்கிழமை குழுவினரை ஒட்டன்சத்திரத்துக்கு அழைத்துப் போயிருந்தார்களாம். ஆயக்குடியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். கேரளத்துக்கு லாரி லாரியாகக் காய்கறி போகிற பெரிய மார்க்கெட் ஊர். அங்கே டாக்டர் தாரியன், டாக்டர் ஜேக்கப் செரியன் என்ற இருவர் கேரளத்திலிருந்து குடும்பத்தோடு வந்து 1955-ல் ஆரம்பித்த கிறிஸ்தவ ஐக்கிய ஆஸ்பத்திரி இருக்கிறது. பக்கத்து அம்பிளிக்கையில் பிறகு இன்னொன்றும் எழுந்தது. "அங்கே வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் பாதிப்பேர் நெற்றியிலும் திருநீறு இருந்தது அத்தை. இந்தத் தடவை கவனித்துப் பார்த்தேன்" என்றாள்.

ஆறாம் நாள் ஆட்டுக்குட்டி திரும்பி வந்துவிட்டது. அதன் பின்னால் மற்றக் குழந்தைகளும் வந்தார்கள். அப்போதுதான் இவள் இன்னொன்றைக் கவனித்தாள். கரும்பலகையில் எழுதியதைக் குழந்தை பார்க்கவில்லை. பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்தே எழுதியது. பலகைக்கு இரண்டடியில் உட்கார வைத்தபோது தானாக எழுதியது. கண் கோளாறு! பள்ளிக்கூடத்தில் 'மக்கு' என்று பெயர் வாங்கிய குழந்தை அது. பாட்டியையும் அழைத்துக்கொண்டு பழனிக்குப் போய்ப் பரிசோதித்து, குழுவினர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார்கள்.

இதையெல்லாம் அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாட்டி வந்துவிட்டாள், மடியில் கொய்யாப்பழத்தோடு. பின்னாலேயே குழந்தை. சிவப்புச் சட்டமிட்ட கண்ணாடி மூக்கின் பாதியில் நின்றது. அதற்கு மேலே நெற்றியில் மூன்று பட்டை, கொஞ்சம் தாராளமாகவே. பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்து, "இவங்க பழனிக்கா?" என்று கேட்டாள்.

"ஆமாம்" என்றேன்.

"அப்ப ஒரு காரியம் பண்ணு தாயி. திரும்பி வாரப்ப எனக்கு ஒரு பொட்டலம் திருநீறு வாங்கியா. இந்த அம்மணிக்குப் பஞ்சாமிர்தம் வாங்கிக் குடுப்பியா? அது திங்கலாமில்ல?"

நம் பெண் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். "டப்பா சின்னதா, பெரிசா?" என்று கேட்டேன்.

அவள் சிரித்துவிட்டாள். "வேண்டாம் அத்தை. எங்க வீட்டில் அது சாப்பிடுவதில்லை. பாட்டி, கோவிச்சுக்காதீங்க."

பாட்டி சற்று யோசித்தாள். "நானென்ன கோவிக்கறது? அவங்கவங்க வளப்பம். சரி, கொய்யா தின்னு. இது மரத்துல வெளஞ்சது."

வேப்பமரத்தடியில் மணி அடித்தார்கள். குழந்தை கண்ணாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு முதல் வரிசைக்கு ஓடியது. எனக்கு இரண்டரை மணி பஸ். பாட்டி என் பையிலும் ஆறு கொய்யா போட்டிருந்தாள். பழனி போய்ச் சேருவதற்குள் என் வீட்டுக்காரர் நான்கைத் தீர்த்துவிட்டார்.