அன்னம் அமர்ந்த விளக்கு

கும்பகோணத்திலிருந்து திருவாரூர் செல்லும் சாலையில் சுமார் 10 கிலோமீட்டர் சென்றால் நாச்சியார்கோயில். 108 திவ்ய தேசங்களுள் ஒன்றான திருநறையூர் இதுவே. திருமங்கையாழ்வார் நெஞ்சுருகிப் பாடிய தலம். கோச்செங்கட் சோழன் எடுப்பித்த மாடக்கோயில். இங்கே வஞ்சுளவல்லித் தாயாருக்கே முதல் மரியாதை. ஊரின் பெயரும் அவளால் வந்ததுதான்.

மார்கழியிலும் பங்குனியிலும் நடைபெறும் கல் கருட சேவையைக் காணத் தொலைதூரத்திலிருந்தும் அன்பர்கள் வருகின்றனர். சந்நிதியிலிருந்து புறப்படும்போது கருடனை நால்வர் சுமப்பர். வெளியே வர வர 8, 16, 32, 64 என்று சுமப்போர் எண்ணிக்கை பெருகிக்கொண்டே போகும். திரும்பும்போது அதே வரிசையில் குறையும். தாயார் அன்ன வாகனத்தில் எழுந்தருள்கிறாள். மென்னடை கொண்ட அன்னத்தை முந்திவிடலாகாது என்றே கருடன் தன் கனத்தைக் கூட்டிக்கொள்கிறார் என்பது இவ்வூர்ப் பெரியோர் வாக்கு.

அந்த அன்னத்தைக் கோயிலுக்கு வெளியேயும் காணலாம். விளக்குப் பட்டறைகள் உள்ள தெருக்களில் அரம் தேய்க்கும் ஓசை கேட்கும். திண்ணைகளில் பளபளப்பு ஏறாத பித்தளை அன்னங்கள் வரிசையாகக் கிடக்கும். நாச்சியார்கோயில் குத்துவிளக்கின் உச்சியில் அமர்பவை அவை. 19-ஆம் நூற்றாண்டில் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த கம்மாளர் குடும்பங்கள் இத்தொழிலை இங்கே வேரூன்றச் செய்தன என்பர். அவர்களை இங்கே நிறுத்தியது காவிரிப் படுகையின் வண்டல் மண். மாவுபோல் நைந்த அந்த மண், இறகின் மெல்லிய கோட்டையும் அப்படியே வாங்கிக்கொள்ளும். உலோகம் பாயும் வரை கலையாமலும் நிற்கும்.

இரண்டு சட்டங்களுக்குள் ஈர வண்டலை இறுக்கி, மாதிரி உருவை அதில் அழுத்தி எடுத்துவிட்டுச் சட்டங்களைச் சேர்த்து மூடுகிறார்கள். 900 பாகை செல்சியஸுக்கும் மேலான வெப்பத்தில் உருகிய பித்தளை அந்த வெற்றிடத்தில் ஊற்றப்படுகிறது. ஆறியபின் மண்ணை உடைத்தால் கரடுமுரடான ஓர் உரு வெளிப்படும். அதன்பின் கடைசல், அரம், உளி, மெருகு என்று கைவேலை நீள்கிறது.

விளக்கில் நான்கு பகுதிகள்: கவிழ்ந்த தாமரை போன்ற பாதம், வளையங்கள் கொண்ட தண்டு, ஐந்து முகத் தட்டு, உச்சி அன்னம். இவை ஒன்றோடொன்று திருகிப் பொருத்தப்படுவதால், வீட்டுப் பெண்கள் பிரித்துப் புளியிட்டுத் துலக்கி மீண்டும் பூட்டலாம். பாதம் அகன்றிருப்பதும் அழகுக்காக மட்டும் அன்று. எண்ணெய் நிரம்பிய தட்டு சாயாமல் நிற்க அதுவே ஆதாரம். திரி கிடக்கும் இடம் இதழின் நுனிபோல் குவிந்திருப்பதும் திரி நழுவாதிருக்கவே. மலரும் பறவையும் இவ்வாறு வேலை செய்யும் உறுப்புகளாகவே விளக்கில் இடம் பெற்றுள்ளன.

வாங்குவோர் முதலில் நிறையைப் பார்ப்பர். விலை அதைக் கொண்டுதான். ஆயினும் அன்னத்தின் கழுத்தைப் பார்ப்பதே மேல். தேர்ந்த கையிலிருந்து வந்த அன்னம் சற்றே தலை தாழ்த்தி, நீரில் மிதப்பதுபோல் இருக்கும். அவசரத்தில் செய்ததோ வாத்தாகிவிடும்!

இன்று கடைகளில் இயந்திர வார்ப்பு விளக்குகள் எடை குறைந்தும் விலை மலிந்தும் கிடைக்கின்றன. புவிசார் குறியீடு கிடைத்தும், உலை வெக்கையில் நாள் முழுதும் நிற்க இளைஞர்கள் பலருக்கு மனமில்லை. அவர்களைக் குறை கூறவும் முடியாது. தந்தையர் ஒரு விளக்குக்கு எத்தனை நாள் உழைத்தனர், கையில் என்ன மிஞ்சியது என்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் அவர்கள். பேத்தியின் திருமணச் சீருக்கு விளக்குத் தேடும் பாட்டிமார் இவ்வூருக்கு ஒருமுறை நேரில் வந்து, இரண்டு விளக்குகளையும் பக்கத்தில் வைத்துத் தூக்கிப் பார்த்தால் வேறுபாட்டைக் கையே சொல்லிவிடும்.

தாயாரைச் சேவித்துத் திரும்பும் குடும்பங்களில் சிலர், பிரித்துத் துணியில் சுற்றிய விளக்கோடு பேருந்து ஏறுகின்றனர். பாதமும் தண்டும் பையின் அடியில் கிடக்க, அன்னம் மட்டும் பெரும்பாலும் பாட்டியின் மடியில் தனியாக வருகிறது.