நாணமும் நோயும்

தமிழ் பயிலும் மாணவர்க்கு மார்பு என்னுஞ் சொல் பெருமிதந் தருவதொன்று. பழைய நூல்களிற் காணும் ஆடவர் மார்பு அகன்றது. சாந்தும் மாலையும் அணிந்தது. போர்க்களத்தில் விழுப்புண் ஏற்றது. வெண்ணிப் போரிலே கரிகாலனோடு பொருது முதுகிற் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன், அப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்த செய்தியைப் புறநானூற்றால் அறிகின்றோம். ஆயின், ஆண்மகன் ஒருவன் மார்பிலே கட்டியொன்று தோன்றினால் அவன் யாது செய்தல் வேண்டும் என்பதை எந்த ஆசிரியரும் எமக்குக் கற்பித்திலர். என் பதினைந்தாம் வயதில் அதனை யான் தனியே கற்க நேர்ந்தது.

இதனை எழுதுமுன் பன்முறை தயங்கினேன். கலாசாலைச் சஞ்சிகையில் எழுதத்தக்க பொருளோ இது என்று நண்பர் சிலர் நகைத்தலுங் கூடும். எனினும், இவ்வாண்டு எம் விடுதியில் நிகழ்ந்த ஒன்று என் தயக்கத்தைப் போக்கியது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

தேனி மாவட்டத்து உத்தமபாளையம் வட்டத்திலுள்ள ஓடைப்பட்டி என் ஊர். மேகமலையைப் பார்த்துக் கிடக்கும் எம்மூர்ப் புறங்களிலே கல்தூண் நட்டுக் கம்பிப் பந்தலிட்டு விதையில்லாத் திராட்சை பயிரிடுவர். என் தந்தையார்க்கும் சிறியதொரு தோட்டமுண்டு. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடையில், ஒருநாள் பம்புசெட்டுத் தொட்டியில் நின்று சோப்புத் தேய்த்துக் குளிக்கையில், இடப்பக்கத்து மார்புக் காம்பின் கீழே ஏதோ கைக்குத் தட்டுப்பட்டது. வட்டமாய், தட்டையாய், ஒரு ரூபாய் நாணயத்தின் அளவில் இருந்தது அக்கட்டி. அழுத்தினால் வலித்தது. நீர் கொட்டிக்கொண்டே இருந்தது; யான் குளிப்பதை மறந்து நின்றேன்.

என் அச்சத்திற்குக் காரணம் இருந்தது. எம் அப்பத்தா, யான் சிறுவனாயிருந்தபோது மார்பகப் புற்றுநோயால் இறந்தார். கட்டி தோன்றி ஓராண்டுக்கு மேலாகியும் அவர் எவரிடமும் வாய் திறக்கவில்லை. களையெடுக்கையில் பட்ட அடி என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு, மஞ்சளை அரைத்துப் பூசிச் சேலைத் தலைப்பால் மூடிவைத்தார். கட்டி உடைந்து புண்ணான பின்னரே என் அத்தை கண்டு அலறினார். மதுரைக்குக் கொண்டு சென்றோம், காலம் கடந்திருந்தது. எம் வீட்டில் ‘கட்டி’ என்ற சொல்லை அதன்பின் உரக்கச் சொல்லுவாரில்லை. புற்றென்றால் எம்மூரில் பாம்பு குடியிருக்கும் மண்மேடு. அத்தகைய மேடொன்று என் மார்பினுள்ளே எழுவதாக இரவெல்லாம் எண்ணினேன்.

உண்மையை உரைப்பின், சாவச்சத்தினும் நாணமே என்னை மிகுதியும் வாட்டிற்று. அது பெண்களின் நோய் அன்றோ? ஆண்பிள்ளைக்கு வந்தது என்றறிந்தால் தோழர் என்ன பெயரிட்டு அழைப்பர்? அன்று முதல் கிணற்றுப் பக்கம் போவதை நிறுத்தினேன். வெயில் கொளுத்தும் நாளிலும் பனியனின் மேல் தடித்த சட்டை அணிந்தேன். ஆலயத்தில் பாடகர் குழுவில் நிற்கையிலும் தோள்களை முன்னே குவித்து நிற்கப் பழகினேன். இரவில் போர்வைக்குள் கைப்பேசியை வைத்துக்கொண்டு தேடினேன். கண்ணிற்பட்ட பக்கங்களெல்லாம் அச்சத்தையே வளர்த்தன. குறைந்ததோ என்று நாளொன்றுக்கு நூறுமுறை அழுத்திப் பார்த்தமையால் வலியும் மிகுந்தது. இவ்வாறு இரண்டரைத் திங்கள் கழிந்தன.

ஆடி பிறந்த சில நாளில், தோட்டத்தில் ஓர் இலையின்மேல் சாம்பல் பூத்திருப்பதைக் கண்டேன். சாம்பல் நோய் ஒரு கொடியில் தோன்றினால் பந்தல் முழுவதும் பரவும் என்பது எம்மூர்க் குழந்தையும் அறிந்தது. மறுகோடியில் நின்ற தந்தையாரிடம் ஓடிச்சென்று காட்டினேன். அவர் இலையைப் பார்த்தார். பின் என்னைப் பார்த்தார். வியர்வையில் நனைந்து ஒட்டிய சட்டையை யான் மார்பினின்று இழுத்துவிட்டுக் கொண்டிருந்தேன். “என்னடா தம்பி, இந்த வெயிலிலே இத்தனை துணி?” என்றார். எப்படிச் சொன்னேன் என்பது எனக்கே தெரியாது. அழுகையோடு எல்லாம் வெளிவந்தது.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “ஓர் இலையிலே சாம்பல் கண்டதற்கு இவ்வளவு தூரம் ஓடி வந்தாயே. உன் உடம்பிலே கண்டதை இத்தனை நாள் மூடி வைத்திருந்தாயே. உன் அப்பத்தாவும் இப்படித்தானே இருந்தாள்” என்றார். அவர் குரல் தழுதழுத்தது. மறுநாள் முதற் பேருந்திலேயே தேனிக்குச் சென்றோம்.

வைத்தியர் நரைத்த தலையினர், அவசரமில்லாதவர். தந்தையாரை அருகில் இருத்திக்கொண்டு ஒவ்வொன்றாய் வினவினார்: கட்டி எப்பொழுது தோன்றியது? ஒரு பக்கமா, இரு பக்கமா? காம்பினின்று நீரோ குருதியோ கசிந்ததா? என்ன மருந்து உட்கொள்கின்றாய்? உடல் பெருக்க யாரேனும் மாத்திரையோ ஊசியோ தந்தனரா? விரைகளில் வீக்கமோ கட்டியோ உண்டா? கடைசி வினாவுக்கு யான் கூசினேன். “கூசாதே, அங்கே தோன்றும் சில கட்டிகள் மார்பில் வந்து தம்மை அறிவிப்பதுண்டு. அவை இளைஞர்க்கே மிகுதியும் வருவன. அதனால்தான் கேட்கிறேன்” என்றார். பின்னர் மார்பையும் அக்குளையும் தடவிப் பார்த்துவிட்டுப் புன்னகைத்தார்.

அவர் விளக்கியதன் சாரம் இது. ஆணுடலிலும் பெண்மைக்குரிய ஹார்மோன் சிறிதளவு ஊறுகின்றது. பருவமெய்துங் காலத்தில், ஆண்மைக்குரியது நிலைபெறுமுன், அவ்விரண்டன் அளவும் சிலகாலம் பிறழும். அப்பொழுது காம்பின் அடியிலுள்ள சுரப்பித் தசை பருக்கின்றது. அது காம்பை நடுவாகக் கொண்டு வட்டமாயிருக்கும், இரப்பர் போல் இளகும், தொட்டால் நோகும். பருவமெய்தும் ஆண்பிள்ளைகளுள் ஏறத்தாழப் பாதிப்பேர்க்கு இஃது உண்டு. 13, 14 வயதில் மிகுந்து தோன்றி, பெரும்பாலும் ஆறு திங்கள் முதல் இரண்டாண்டுக்குள் தானே வடியும்.

பாதிப்பேர்! எம் வகுப்பில் நாற்பதின்மர் இருந்தோம். அவருள் இருபதின்மர், என்னைப் போலவே, ஒருவரையொருவர் அறியாது இவ்வச்சத்தைச் சுமந்திருத்தல் கூடும். யாருடைய நகைப்புக்கு அஞ்சினேனோ, அவரும் இரவில் போர்வைக்குள் அழுதிருத்தல் கூடும். இதனை எண்ணியபோது எனக்கு நகைப்பும் வந்தது, துயரமும் வந்தது.

தந்தையார் அப்பத்தாவின் நோயைக் கூறினார். வைத்தியர் அதனைக் குறித்துக்கொண்டார். “சொன்னது நன்று. மார்பகப் புற்று ஆண்களுக்கும் வருவதுண்டு. இந்நோயுற்றார் நூற்றுவருள் ஏறத்தாழ ஒருவர் ஆண். அவரும் பெரும்பாலும் 60 வயதை ஒட்டியோ கடந்தோ இருப்பவர். குடும்பத்தில் இந்நோய் இருந்தால் பெரியவனான பின்னும் வைத்தியரிடம் அதை மறைக்காதே. இப்பொழுது உனக்கு இருப்பது அதுவன்று” என்றார். கட்டி கல்லைப்போல் கடினமாயின், காம்பைவிட்டு ஒருபுறம் விலகியிருப்பின், வலியின்றி வளரின், காம்பு உள்ளிழுக்கப்படின், தோல் குழியுமாயின், குருதி கசியின், அக்குளில் நெறிகட்டின், ஒருநாளும் தாழாது வரவேண்டும் என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினார். மருந்து தரவில்லை. “அழுத்திப் பார்ப்பதை நிறுத்து, ஆறு மாதம் கழித்து வா” என்றார். மறு கோடையில் தொட்டியில் குளிக்கையில் தேடினேன், கட்டி இல்லை.

நிற்க. இவ்வாண்டு விடுதியில் நிகழ்ந்ததைக் கூறுகின்றேன். என்னுடன் உறையும் நண்பர் ஒருவர், இருபது வயதினர், உடற்பயிற்சியில் பெருவிருப்பினர். அவர் திடீரெனச் சட்டையோடு உறங்கத் தொடங்கினார். நீராடும் அறைக்கு எவரும் விழிக்குமுன் சென்று வந்தார். தோள்களை முன்னே குவித்து நடந்தார். அக்குறிகளை யான் நன்கறிவேன். ஓரிரவு மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்று என் கதையை முதலில் சொன்னேன். அவர் விம்மி அழுதார். தசை பெருக்கும் பொருட்டு யாரோ தந்த ஊசியைச் சில திங்களாகப் போட்டு வந்தாராம். வெளியிலிருந்து புகும் ஆண்மை ஹார்மோனின் ஒரு பகுதியை உடல் பெண்மை ஹார்மோனாக மாற்றிவிடும் என்பதை அவர்க்குச் சொல்லுவார் இல்லை. ஆண்மையைப் பெருக்க நினைத்தது அவர்க்கு இவ்வாறு முடிந்தது. மறுநாள் இருவரும் வைத்தியரிடம் சென்றோம். இருபது வயதில் புதிதாய்த் தோன்றும் கட்டியைப் பருவத்தின் மேல் ஏற்றிவிட்டு வாளாவிருத்தல் ஆகாது என்று வைத்தியர் கூறி, குருதிச் சோதனையும் ஒலியலைப் படச் சோதனையும் செய்வித்தார். தீங்கில்லை என்று தெரிந்தது. ஊசியை விட்டார், இப்பொழுது நிமிர்ந்து நடக்கின்றார்.

வீக்கத்திற்குக் காரணம் பல என்று பின்னர்க் கற்றேன். கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றின் நோய்களாலும் சில மருந்துகளாலும் வருவதுண்டு. இரண்டாம் உலகப் போரில் பட்டினி கிடந்து விடுதலை பெற்ற சிறைக் கைதிகள் பலர்க்கு, மீண்டும் வயிறார உண்ணத் தொடங்கியபோது மார்பு வீங்கிற்றாம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலேயே காலன் என்னும் கிரேக்க வைத்தியர் இதனைக் குறித்து எழுதினார். கிரேக்கச் சொற்களாலான அதன் பெயருக்குப் பொருள் ‘பெண்மார்பு’ என்பதே. பெயரிலேயே நாணத்தை வைத்துவிட்டனர்! எம் வைத்தியர் ‘ஆண் மார்பக வீக்கம்’ என்றார். அச்சொல் கேட்டபோதே என் சுமையிற் பாதி இறங்கிற்று.

சொல்லின் ஆற்றலை உணர்ந்தவர் முன்னும் இருந்தனர். 1847-ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து மானிப்பாயில் தொண்டாற்றிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், வைத்திய நூல்களைத் தமிழிலாக்கித் தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே வைத்தியம் பயிற்றினார். புதுக்கோட்டையில் ஆண்கள் பயிலும் கலாசாலையிற் சேர்ந்த முதற் பெண்ணாகிய முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், ஏளனத்தைப் பொருட்படுத்தாது பயின்று 1912-இல் வைத்தியப் பட்டம் பெற்றார். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவரது முயற்சியால் 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. ஆண்களுக்கே உரியதென்ற கல்வியை ஒரு பெண் நாணாது கற்றதனால் எத்துணை உயிர்கள் பிழைத்தன! பெண்களுக்கே உரியதென்று கருதும் நோயை ஆடவராகிய நாம் வாய்விட்டுச் சொல்ல நாணுவானேன்?

அன்பர்காள்! சேரமான் நாணியது புறப்புண்ணுக்கு. நம் மார்பில் தோன்றும் கட்டி புறப்புண் அன்று. அதற்காக எவரும் வடக்கிருத்தல் வேண்டா. பெரும்பாலும் அது தானே மறையும் சிறு பொருள். மிகச் சிலர்க்கே கொடியதாகும். இன்னதென்று அறிபவர் வைத்தியரே. போர்வையும் கைப்பேசியும் அறியா. தந்தையரிடமோ, தாயரிடமோ, ஆசிரியரிடமோ, அறைத்தோழரிடமோ ஒருமுறை சொல்லுங்கள். உங்களிடம் ஒருவர் சொன்னால் நகையாது கேளுங்கள்.

கேட்பார் ஒருவர் இருந்திருந்தால் எம் அப்பத்தா இன்றும் திராட்சைப் பந்தலின் நிழலில் அமர்ந்திருத்தல் கூடும். அவர் சொல்லாது சென்றதை அவர் பேரன் ஈண்டு எழுதிவைத்தேன்.