சாய்த்துக் கட்டிய கிளை

ஐம்பது வயது முடிந்த வாரம், என் வாழ்க்கைக்கு நானே மதிப்பெண் போட்டுப் பார்த்தேன். ஹாட்லி கான்ட்ரில் என்ற அமெரிக்க உளவியலாளர் 1965-இல் வெளியிட்ட நூலில் ஓர் ஏணி உண்டு. அடிப்படி 0, உச்சிப்படி 10. நீங்கள் நினைக்கிற மிக நல்ல வாழ்க்கை உச்சியில். இன்று எந்தப் படியில் நிற்கிறீர்கள்? உலக மகிழ்ச்சி அறிக்கை நாடுகளை வரிசைப்படுத்துவது இன்றும் இந்தக் கேள்வியை வைத்துத்தான்.

நான் 6 போட்டேன். மீதி நாலு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

பழனிக்குப் போய்த் திரும்பும்போது ஆயக்குடியில் இறங்கினேன். சாலையோரக் கூடைகளில் கொய்யா. தெரிந்த பெரியவர் ஒருவரின் தோப்பு பக்கத்தில்தான். அவர் ஒரு கிளையை மெல்லச் சாய்த்து, கயிறு போட்டு, தரையில் அடித்த முளையில் கட்டிக்கொண்டிருந்தார்.

“நல்லா வளர்ந்த கிளையை ஏன் வளைக்கிறீங்க?”

“நெட்டுக்குத்தா நிக்கிறதுல காய் கொஞ்சம்தான் தம்பி. சாச்சுக் கட்டுனா கணுவுக்குக் கணு துளிர் வரும். துளிர்லதான பூவு!”

விஷயம் அதுதான். நிமிர்ந்த கிளையில் நுனிமொட்டு, பக்க மொட்டுகளைத் தலைதூக்க விடாது. சாய்த்ததும் அந்தப் பிடி தளர்கிறது. கொய்யா பூப்பதோ புதுத் துளிரில். காய்த்து முடித்த நுனிகளைக் கவாத்து செய்வதும் அதற்காகத்தான்.

கான்ட்ரில் மேல் குறையில்லை. உச்சிப்படியில் எதை வைப்பது என்பதை அவர் நம்மிடமே விட்டுவிட்டார். நான்தான் அங்கே பதவியையும் சம்பளத்தையும் வைத்திருந்தேன். இருபத்திரண்டு வருட அலுவலகத்தில் ஒரே கிளை நெடுநெடுவென்று வளர்ந்திருக்கிறது. மகனோடு கேரம் ஆடுவது, மாலை நடை, அக்கா வீடு எல்லாம் கண் திறக்காத மொட்டுகள். குறைந்த நாலும் உச்சியில் இல்லை, பக்கவாட்டில் கிடக்கின்றன.

“ஒரேயடியா இழுத்தா முறிஞ்சிரும்” என்றார் பெரியவர், முடிச்சை இறுக்கிக்கொண்டே.

வேலையை விடப் போவதில்லை. வாரத்தில் ஒரு மாலையை மட்டும் சாய்த்துக் கட்டலாம்.

இரண்டு கிலோ கொய்யா வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். திண்டுக்கல் வரை டிக்கெட் எடுத்திருந்தும் ஒட்டன்சத்திரத்தில் இறங்கி அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தவள் பழப்பையைக்கூடப் பார்க்கவில்லை.

“என்னடா திடீர்னு? வீட்டுல எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க?” என்றாள், பதறிப்போய்.