ஜானகி டீச்சரின் மாணவர்

வாணி மகாலில் விளக்கு அணைந்ததும், திரை விலகுவதற்கு முன்பே அப்பா சிரிக்கத் தயாராகிவிடுவார். கிரேசி மோகன் நாடகங்களில் வரும் மாதுவும் சீனுவும் வாயைத் திறந்தால் போதும், அரங்கம் அதிரும். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை நடிகர்கள் அடுத்த வசனத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு நிற்பார்கள். நான் ஏங்குவது அந்த ஒரு கணத்துக்குத்தான்.

கிரேசி மோகனைப் பள்ளிக்கூட மேடையில் ஏற்றிவிட்டவர் ஜானகி என்ற ஆசிரியை. அந்தக் கடனை மோகன் பேனாவால் அடைத்தார். அவர் வசனம் எழுதிய படங்களில் 'அபூர்வ சகோதரர்கள்' கௌதமி, 'அவ்வை சண்முகி' மீனா, 'தெனாலி' ஜோதிகா, 'வசூல்ராஜா' சினேகா எல்லாருமே ஜானகிதான். இதைவிட நல்ல குருதட்சிணையை நான் கேள்விப்பட்டதில்லை.

கிண்டி பொறியியல் கல்லூரியில் படிக்கும்போதே நாடகம் எழுதினார். 1976இல் எஸ்.வி.சேகர் குழுவுக்கு எழுதிய 'கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1979இல் சொந்தக் குழு. 'மேரேஜ் மேட் இன் சலூன்' நாடகத்தை பாலசந்தர் 1983இல் 'பொய்க்கால் குதிரை'யாக எடுத்தார். சினிமாவுக்கு அதுவே வாசல்.

1990இல் மோகன் வசனம் எழுதிய 'மைக்கேல் மதன காமராஜ'னைத் தியேட்டரில் பார்த்தபோது பாதி வசனம் காதில் விழவில்லை. ஒன்றுக்கு எழுந்த சிரிப்பில் அடுத்த இரண்டு மூழ்கிப்போயின. திரையில் இருப்பவர் நமக்காக நிற்பாரா? விட்டதைக் கேட்கவே அப்பாவும் நானும் மறுபடி டிக்கெட் எடுத்தோம்.

சினிமாவில் அத்தனை பெயர் வாங்கியும் மோகன் சபாவை விட்டுப் போகவில்லை. படங்களில் சின்னச் சின்ன வேடங்களில் தலைகாட்டிவிட்டு மேடைக்கே திரும்பினார். 'சாக்லேட் கிருஷ்ணா'வில் மயிற்பீலி சூடி கிருஷ்ணராக வந்து நின்றவரைக் கண்டு, எழுந்து நின்று கைதட்டினார் அப்பா. அவரோடு நான் பார்த்த கடைசி நாடகம் அது.

2019 ஜூன் 10ஆம் தேதி மோகன் காலமானார். அவர் எழுதிய படங்கள் இப்போது கைபேசியிலேயே இருக்கின்றன. ஒரு வசனம் விடாமல் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் பக்கத்து நாற்காலியில் யாரும் தொடையைத் தட்டிச் சிரிப்பதில்லை.

மோகனின் தம்பி மாது பாலாஜி குழுவைத் தொடர்ந்து நடத்துகிறார். நாடகம் போடுகிறார்கள் என்று தெரிந்தால் வீட்டுப் பெரியவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய்வாருங்கள்.